டிராக்டரில் கருவிகளை விரைந்து பூட்டும் சட்டம்

மாடு கட்டி உழுபவருக்கு ஏர் பூட்டுவது ஒரு சிறு வேலையே. நுகத்தடியை மாடுகளின் கழுத்தில் வைத்து, பூட்டாங்கயிற்றை மாட்டி, ஏர்க்காலை நுகத்தோடு பிணைத்துவிட்டால் கொழுவை மண்ணில் ஊன்றலாம். டிராக்டர் வந்த பின்னர் உழவின் வேகம் மிகுந்ததேயன்றிப் பூட்டும் வேலை எளிதாகவில்லை. ஒன்பது கொத்துக் கலப்பையையோ ரோட்டவேட்டரையோ ஒருவர் கையால் அசைத்துவிட முடியாது. டிராக்டரின் கைகளும் கருவியின் ஆணிகளும் ஒரு விரற்கடை விலகி நின்றாலும் கடப்பாரை கொண்டு நெம்பித்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு அரைமணி நேரம் செலவாவதும் உண்டு. நேரம் போவது மட்டுமன்றி இவ்வேலையில் உயிருக்கும் அபாயம் இருப்பதால், இதனை எளிதாக்கும் விரைவு இணைப்புச் சட்டத்தைப் பற்றி நிலச்சொந்தக்காரர்கள் அறிந்துகொள்வது அவசியமாகும். டிரைவர்கள் இதனைக் குவிக் ஹிட்ச் என்று அழைக்கின்றனர்.

முதலில், டிராக்டரின் பின்புறமுள்ள மூன்றுமுனை இணைப்பு ஏற்பட்ட காரணத்தைச் சிறிது கவனிக்க வேண்டும். முதல் உலக மகாயுத்த காலத்தில், 1917-ஆம் வருஷத்தில், அயர்லாந்தின் விவசாய போர்டு அந்நாட்டில் வேலை செய்த டிராக்டர்களை மேற்பார்வையிடும் பொறுப்பை ஹாரி பெர்குஸன் என்ற எந்திர நிபுணரிடம் ஒப்படைத்தது. அக்காலத்துக் கலப்பைகள் வண்டியைப் போல் பின்னால் இழுத்துச் செல்லப்பட்டன. மண்ணில் மறைந்திருந்த பாறையில் கொழு மாட்டிக்கொண்டால் கலப்பை நின்றுவிடும், எஞ்சின் நில்லாது, டிராக்டரின் முன்புறம் மேலெழுந்து ஓட்டுபவர்மீது கவிழும். கலப்பையை டிராக்டரின் ஓர் அங்கமாகவே ஆக்கிவிட்டால் இவ்விபத்து நேராது என்பது பெர்குஸன் கண்ட உபாயம். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு தண்டு, இவற்றை உயர்த்தித் தாழ்த்த எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பு ஆகியவற்றைப் பல வருஷங்கள் உழைத்து அவர் சீர்செய்தார். இவ்வமைப்பு பொருந்திய போர்டு-பெர்குஸன் டிராக்டர் 1939-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளிவந்தது. இன்று ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளின் டிராக்டர்களிலும் காணப்படுவது இதே இணைப்புதான்.

இந்த இணைப்பு உழவின்போது நேரும் அபாயத்தைக் குறைத்தது. ஆனால் கருவியைப் பூட்டும்போது நேரும் அபாயம் அப்படியே நின்றது. ஓட்டுபவர் டிராக்டரைப் பின்னுக்குத் தள்ளுகிறார். உதவியாள் கருவிக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவே நின்றுகொண்டு, 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று கை காட்டுகிறார். கிளட்சிலிருந்து கால் சறுக்கினால் உதவியாள் நசுங்குவார். அவர் பெரும்பாலும் வீட்டுப் பையனாகவோ தினக்கூலிக்கு வந்தவராகவோ இருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும். விபத்துக்குப்பின் டிரைவரின் அஜாக்கிரதை என்று சொல்லுவது எளிது. நடுவே ஆளை நிறுத்தும் வழக்கமே குற்றமுடையது.

விரைவு இணைப்புச் சட்டம் பெரும்பாலும் கவிழ்த்த ப வடிவில் இருக்கும் ஓர் இரும்புச் சட்டமாகும். இது டிராக்டரின் மூன்று முனைகளிலும் பூட்டப்பட்டு அங்கேயே நிலையாக இருக்கும். சட்டத்தின் உச்சியில் மேல்நோக்கிய கொக்கி ஒன்றும், கீழே இருபுறமும் வாய் திறந்த தாடைகள் இரண்டும், அத்தாடைகளை மூடும் தாழ்களும் உள்ளன. ஓட்டுபவர் சட்டத்தைத் தாழ்த்திக்கொண்டு கருவியை நோக்கி நேராகவும் மெதுவாகவும் பின்வாங்கி, கொக்கியைக் கருவியின் மேலாணிக்கு அடியில் கொண்டுவந்து, பின் ஹைட்ராலிக் நெம்புகோலால் உயர்த்த வேண்டும். மேலாணி கொக்கியில் அமரும்; கருவி தன் கனத்தாலேயே ஊசலாடிக் கீழாணிகள் தாடைகளுக்குள் விழும்; தாழ்கள் மூடிக்கொள்ளும். நடுவே ஆள் நிற்க வேண்டியதில்லை. கழற்றும்போது கருவியைச் சமதரையில் இறக்கி, தாழ்களைத் திறந்து, சட்டத்தை மேலும் தாழ்த்தி முன்னே ஓட்டிச் செல்லலாம்.

தாழ் விழுந்த ஓசை கேட்டது போதுமென்று புறப்பட்டுவிடக் கூடாது. ஒரு பக்கத் தாழ் மண் அடைத்து மூடாமலிருந்தால், கருவி தூக்கிய நிலையில் ரஸ்தாவில் செல்லும்போது ஒரு புறமாகக் கழன்று தொங்கும். எஞ்சினை நிறுத்தி இறங்கி, இரு தாழ்களையும் கண்ணால் பார்த்த பின்னரே நகர வேண்டும்.

ரோட்டவேட்டரைப் போன்று பி.டி.ஓ. தண்டினால் சுழலும் கருவிகளில் இன்னும் கவனம் வேண்டும். சாதாரணச் சட்டங்கள் கருவியைத்தான் பூட்டுமேயன்றிச் சுழல்தண்டைப் பூட்டா. அதனைக் கையால்தான் மாட்ட வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பின்பே அவ்விடத்தில் கை வைக்கலாம். நிமிஷத்திற்கு 540 சுற்று சுழலும் தண்டு, வேஷ்டி நுனியோ துண்டோ அகப்பட்டால் அதை உதறிக்கொள்ள அவகாசம் அளிக்காது. தண்டின் மேலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது பலரிடம் உள்ள கெட்ட வழக்கம். கழற்றும்போது இதற்கு நேர்மாறான தவறு ஏற்படும்: தண்டையும் எண்ணெய்க் குழாய்களையும் பிரிக்க மறந்து டிராக்டரை முன்னே நகர்த்தினால் அவை பிய்ந்துவிடும்.

வாங்குமுன் அளவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது மிக முக்கியம். மூன்றுமுனை இணைப்பில் பல வகைகள் உண்டு. முதல் வகையில் கீழாணி 22 மில்லிமீட்டர், மேலாணி 19 மில்லிமீட்டர் கனமுடையவை. இரண்டாம் வகையில் இவை முறையே 28, 25 மில்லிமீட்டர். டிராக்டர் ஒரு வகையாகவும் கருவி வேறொரு வகையாகவும் இருக்கக்கூடும். ஆணிகளின் கனம் ஒத்திருந்தாலும், கீழாணிகளுக்கு இடையிலுள்ள அகலமும் மேலாணி நிற்கும் உயரமும் ஒவ்வொரு பட்டறையின் கருவியிலும் சற்று மாறுபடுவதுண்டு. கைகளை முன்பின் அசைத்து மாட்டும்போது இந்த வித்தியாசம் தெரிவதில்லை. அசையாத இரும்புச் சட்டமோ அதனைப் பொறுக்காது. ஆதலால் தம்மிடமுள்ள கருவிகள் யாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும். ஆணிகளில் மாட்டும் புஷ்களால் கனத்தைச் சரிசெய்யலாம். மேலாணியின் உயரம் ஒவ்வாவிடில் கருவியின் தூணில் புதுத் துளையிட்டு வலுப்படுத்த நேரிடும்.

சட்டம் வந்ததும் கருவி சுமார் 10 சென்டிமீட்டர் அளவு பின்னே தள்ளி நிற்கும். இது அற்பமாகத் தோன்றினாலும் இதன் விளைவுகள் மூன்று. சுழல்தண்டின் இரு குழாய்களும் ஒன்றினுள் ஒன்று நுழைந்திருக்கும் நீளம் குறைகிறது. தண்டு குட்டையாயிருப்பின் கருவியைத் தூக்கியவுடன் கழன்றுவிடும். ஹைட்ராலிக் தூக்கும் வலிமையில் ஒரு பகுதி, சட்டத்தின் கனத்திற்கும் இந்தத் தூரத்திற்கும் செலவாகிறது. கனத்த ரோட்டவேட்டரைத் தூக்குகையில் டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகி, திருப்புவது கடினமாகலாம். அப்போது முன்புறம் எடைக்கட்டிகள் தேவைப்படும்.

ப வடிவச் சட்டத்தைத் தவிர வேறு வகைகளும் உண்டு. முக்கோண வடிவச் சட்டத்தில், டிராக்டரிலுள்ள முக்கோணம் கருவியிலுள்ள அதே வடிவப் பள்ளத்தில் நுழைந்து பூட்டிக்கொள்ளும். ஆயின் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பள்ளத்தைப் பற்றவைக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளில், கீழ்க்கைகளின் நுனியையே கொக்கியாக அமைத்து, கருவியின் ஆணிகளில் கோளங்களை மாட்டி எடுப்பது அதிகமாக வழங்குகிறது. இதில் கருவி பின்னே தள்ளப்படுவதில்லை என்பது பெரிய அனுகூலம். அமெரிக்காவில் 1950-களில் சில கம்பெனிகள் தத்தமக்கென்று தனித்தனி விரைவு இணைப்புகளை உண்டாக்கின. ஒன்றின் கருவி மற்றொன்றின் டிராக்டரில் பொருந்தாமையால் குடியானவர்கள் திண்டாடினர். முடிவில் எல்லோரும் மூன்றுமுனை இணைப்புக்கே வந்து சேர்ந்தனர். இன்று ப வடிவம், முக்கோண வடிவம் முதலியவற்றிற்குச் சர்வதேச நிர்ணய அளவுகள் ஏற்பட்டுள்ளன.

இச்செலவு எல்லோருக்கும் அவசியமன்று. வருஷம் முழுவதும் ஒரே கலப்பையைக் கழற்றாமல் வைத்திருப்பவருக்கு இதனால் பயன் மிகக் குறைவு. காலையில் சட்டிக் கலப்பை, பிற்பகலில் ரோட்டவேட்டர், மறுநாள் பார் கட்டும் கருவி என்று மாற்றிக்கொண்டே இருப்பவருக்கும், தனியாளாக வேலை செய்பவருக்கும், வாடகைக்கு ஓட்டுபவருக்கும் இது தகும். கிராமத்தில் குழுவாகச் சேர்ந்து கருவிகள் வாங்கும்போது, அதற்குத் துணைபுரியும் கிராம அதிகாரிகள் எல்லாக் கருவிகளும் ஒரே வகை ஆணியும் ஒரே உயரமும் உடையவையாக இருக்கின்றனவா என்று கொள்முதலுக்கு முன்பே பார்த்துவிடுவது நலம். வாங்கிய பின்னர் பற்றவைப்புப் பட்டறைக்கு அலைவது வீண் செலவு.

உழவு முடிந்ததும் தாடைகளிலும் தாழ்களிலும் அடைந்த சேற்றைக் கழுவி, வில்களுக்கு எண்ணெய் இட வேண்டும். நஞ்சையில் சேறு கலக்கிய அன்று இதனைத் தவறவிட்டால் மறுநாள் தாழ் சுத்தியலுக்கும் இணங்காது. கருவியை நிறுத்தும் இடம் சமமாகவும் கெட்டியாகவும் இருத்தல் வேண்டும். சட்டிக் கலப்பை போன்றவற்றிற்குத் தாங்குகால் கொடுத்தே நிறுத்த வேண்டும். சாய்ந்து நிற்கும் கருவியை எந்தச் சட்டமும் எடுக்காது. குழந்தைகள் விளையாடும் களத்து மேட்டில் அது சாய்ந்து விழவும் கூடும்.