எந்தத் தூரத்துக்கு?

தோர்ண்டன் ஹீத்தில் குடியேறிய நாள்தொட்டு, கோயில் திருவிழாக்களிலும் சிநேகிதர் வீட்டு மங்கல வைபவங்களிலும் ஊதியம் கருதாது படம் பிடித்துவருகிற எனக்கு, கண் பரிசோதித்தபின் கையில் தருகிற சீட்டை வாசிக்கும் வித்தையைக் கற்பித்தது, 50 மில்லிமீற்றர் வில்லை பூட்டிய ஒரு பழைய கமராவேயாகும்.

50 மில்லிமீற்றர் குவியத்தூரம் என்பது ஒரு மீற்றரின் இருபதில் ஒரு பங்கு. ஆகவே அவ்வில்லையின் வலு 20 டயொப்டர். ஒன்றை, மீற்றரில் எழுதிய குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதே டயொப்டர் என்று விளங்கிய மாத்திரத்தில், சீட்டிலே ஊமையாய்க் கிடந்த எண்கள் வாய்திறக்கத் தொடங்கின. 'மைனஸ் 2' என்று எழுதப்பட்ட கண்ணுக்குக் கண்ணாடியின்றி அரை மீற்றருக்கு அப்பாலுள்ள யாவும் மங்கல். 'மைனஸ் 4' எனில் அந்த எல்லை கால் மீற்றர். அத்தகைய கண்ணில் பிம்பம் விழித்திரையை எட்டுமுன்னரே குவிந்துவிடுகிறபடியால், கிரணங்களைச் சற்றே விரித்து அனுப்பும் குழிவில்லை அவசியமாகிறது. 'சிலிண்டர்' என்ற நிரலில் எண் இருப்பின், கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் சமமாக இல்லையென்று அர்த்தம். 'அக்சிஸ்' என்பது அதைத் திருத்தும் கோணம்.

கமராவிலே பொருளின் தூரம் மாறுந்தோறும் வில்லை முன்னும் பின்னும் நகர்கிறது. கண்ணின் வில்லையோ, 1801-இல் வைத்தியர் தோமஸ் யங் இதே லண்டனில் நிரூபித்தபடி, இருந்த ஸ்தானத்தில் இருந்துகொண்டே தன் வளைவை மிகுத்துக்கொள்கிறது. வயது நாற்பதைக் கடந்தபின் அது விறைத்துப்போக, வெள்ளெழுத்து வந்து சேர்கிறது. இந்நிலையில், ஒரே கண்ணாடி எல்லாத் தூரத்துக்கும் உதவுமென்று எதிர்பார்ப்பது வீண் ஆசை என்பது என் அபிப்பிராயம். 40 சென்ரிமீற்றரில் பிடிக்கும் புத்தகத்துக்கு 2.5 டயொப்டர் வேண்டுமெனில், 66 சென்ரிமீற்றருக்கு அப்பாலுள்ள கணினித் திரைக்கு 1.5 போதும். ஆதலால், பரிசோதனைக்குப் புறப்படுமுன், கடையின் கல்லாவோ தையல் இயந்திரமோ, நீங்கள் நாள் முழுதும் கண்பதிக்கிற இடம் முகத்திலிருந்து எவ்வளவு தூரமென்று நாடாவால் அளந்து, அந்த எண்ணைப் பரிசோதிப்பவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களே கேட்பார்கள், ஆயினும் உத்தேசமாகச் சொல்வதற்கும் அளந்து சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. மருந்துக்கடையில் தொங்குகிற ஆயத்தக் கண்ணாடிகள் இரு கண்ணுக்கும் ஒரே வலுவுடையன, சிலிண்டரைத் திருத்தாதன. ஆபத்துக்கு உதவும், அவ்வளவே.

படம் பிடிப்பவர்க்கு ஒரு வார்த்தை: கமராவின் பார்வைத்துளையருகே உள்ள சிறு சக்கரமும் டயொப்டர் சக்கரந்தான். கண்ணாடி அணிந்து பார்ப்பதா, கழற்றிப் பார்ப்பதா என்று முதலில் தீர்மானித்து, பின்னர் அதைத் திருகுங்கள். துவாரத்தைச் சுருக்கினால் கூர்மையாய்த் தெரியும் எல்லை நீளுவதுபோலவே, நல்ல வெளிச்சத்தில் கண்மணி ஒடுங்க, எழுத்தும் தெளிகிறது. கண்ணாடியைக் குறைகூறுமுன் விளக்கை மாற்றிப் பார்ப்பது நன்று.

சீட்டைக் கேட்டு வாங்குவதும் முக்கியம். பரிசோதித்தவுடன் அதைத் தரவேண்டுமென்பது இந்நாட்டுச் சட்டம், கண்ணாடியை எங்கும் வாங்கலாம். அறுபது வயதானவர்க்கும் நீரிழிவுக்காரருக்கும் பரிசோதனை இலவசம். நம்மவரிடையே நீரிழிவு மலிந்திருப்பதால் இதனை அழுத்திச் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கண்புரை முற்றி, எங்கள் லண்டன் வீதியால் வரும் 109ஆம் இலக்கப் பஸ்ஸைக்கூட அடையாளம் காணமுடியாத நிலை வந்தபோது, கண்ணுள்ளே வைக்கும் வில்லையைத் தூரத்துக்கு வைப்பதா கிட்டத்துக்கு வைப்பதா என்று வைத்தியர் வினவினார். "தம்பி, தீபாராதனையும் தெரியவேணும், தேவாரப் புத்தகமும் தெரியவேணும், ரெண்டும் ஏலாதோ?" என்றார் அம்மா. ஒரே வலுவுள்ள வில்லையில் ஏலாதுதான். கண்ணுள் வில்லை வைக்கும் வழக்கம் பிறந்ததும் இந்நகரிலேயே. போர்விமானிகளின் கண்ணில் தெறித்துப் புதைந்த பேர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்ரிக் சில்லுகளைக் கண் பொறுத்துக்கொள்வதை அவதானித்த கண் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று, இங்கிருந்து ரயிலில் எளிதாய்ப் போய்விடக்கூடிய சென்ற் தோமஸ் வைத்தியசாலையில், அப்பொருளாற் செய்த வில்லையை முதன்முதலாகக் கண்ணுள் வைத்தார். பேர்ஸ்பெக்ஸ் இயற்கை வில்லையைவிட ஒளியை மிகுதியாய் வளைப்பதாகையால், அந்த முதல் நோயாளிக்குக் கடும் கிட்டப்பார்வை உண்டாயிற்று. இன்றோ விழியின் நீளத்தையும் அதன் முன்புற வளைவையும் அளந்தே வலுவை நிர்ணயிக்கிறார்கள். டாக்டர் வெங்கடசாமி மதுரையில் ஸ்தாபித்த அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலாப், 1992 முதல் இவ்வில்லைகளை மலிவாக உற்பத்தி செய்துவருகிறது.

அம்மா தூரத்தைத் தேர்ந்தார். தேவாரத்துக்கென வாங்கிய கண்ணாடி சுவாமி அறையிலே இருக்கிறது. இப்போது அடுப்பங்கரைக்கு வேறொன்று வேண்டுமென்று, அரிவாள்மணையருகே நின்று என்னை அளக்கச் சொல்கிறார்.