எழுதப் படிக்கத் தெரியாத வழிகாட்டி



போன மே மாத லீவில் அம்மாவோடு தரங்கம்பாடிக்குப் போனேன். அது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. நம்ம மணமேல்குடியில் இருந்து போனால் நாகப்பட்டினம், காரைக்கால் எல்லாம் தாண்டி வரும். என் அம்மாச்சியின் தங்கை அங்கே கருவாடு விற்கிறார். 'சின்ன அம்மாச்சி' என்று கூப்பிடுவோம். ஊரைச் சுற்றிக் காட்டியது அவர்தான்.

பெயர் வந்த கதை

அலை பாட்டுப் பாடுவதால்தான் தரங்கம்பாடி என்று நினைத்திருந்தேன். 'தரங்கம்' என்றால் அலை. ஆனால் 'பாடி' என்றால் ஊர். 1306-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 'சடங்கன்பாடி' என்று இருக்கிறதாம். நம்ம பாக் நீரிணைக் கடல் குளம் மாதிரி அமைதியா கிடக்கும். அங்கே அலைச் சத்தத்தில் முதல் நாள் ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

கோட்டை

1620-இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க்குக்காரர்கள் டேனிஷ் கோட்டையைக் கட்டினார்கள். மிளகு வியாபாரம்தான் நோக்கம். 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். இப்போது கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. நான் ஒவ்வொரு பலகையாகப் படிக்கப் படிக்க சின்ன அம்மாச்சி ஆச்சரியமாகக் கேட்டார்.

"இத்தன வருசமா இது வாசல்லதான் கருவாடு விக்கிறேன் தாயி. உள்ள என்ன எழுதியிருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார்.

பலகையில் இல்லாதது

அடுத்து மாசிலாமணி நாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. "நான் பாவாடை கட்டுன வயசுல கோயிலுக்கு முன்னால ஓடிப்புடிச்சு வெளயாடுவோம். அந்த எடம் இப்போ தண்ணிக்குள்ள" என்று கை நீட்டிக் காட்டினார். பிறகு ஒரு சுவரில் தன் கழுத்து உயரத்துக்குக் கையை வைத்து, "சுனாமி அன்னிக்கு இம்புட்டுத் தண்ணி" என்றார். 2004 டிசம்பர் 26. அதுக்கு மேல அவர் பேசல. நானும் கேக்கல.

இதெல்லாம் எந்தப் பலகையிலும் இல்லை. பலகைக்கு வருசம் தெரியும். அம்மாச்சிக்கு இடம் தெரியும்.

மணலில் எழுத்து

1706 ஜூலை 9-இல் ஜெர்மனியைச் சேர்ந்த சீகன்பால்கு இங்கே கப்பலில் வந்து இறங்கினார். தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். அவருக்கும் இந்த ஊர்க்காரர்கள்தான் வழிகாட்டி! பிறகு அச்சுக்கூடம் வைத்து, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்தார். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே (1718) அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் சின்ன அம்மாச்சி, "முந்நூறு வருசத்துக்கு முன்னாலயே இந்த ஊர்ல பொட்டப்புள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருந்துச்சா? அப்புறம் என்னைய ஏன் அனுப்பல?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடம் திறந்தால் மட்டும் போதாது, வீட்டிலும் அனுப்ப வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. எட்டாம் வகுப்போடு நின்றுபோன என் தோழியை நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கடற்கரையில் அவர் விரலைப் பிடித்து அவர் பெயரை மணலில் எழுத வைத்தேன். அலை வந்து அழித்துவிட்டது. "அழிஞ்சா என்ன, திரும்ப எழுது" என்றார். நாலு தடவை எழுதினோம். நாலாவது தடவை நான் விரலைப் பிடிக்கவில்லை.

தோழர்களே, நம்ம ஊருக்கு யாராவது வந்தால் எதைக் காட்டுவோம்? இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு அம்மாச்சி, அப்பாயி, தாத்தாவிடம் ஊரைப் பற்றி ஒரு விஷயம் கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த சுவரிதழில் ஒட்டலாம். அவர்களுக்கு எழுதத் தெரியாவிட்டால் பெயரெழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி