‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் நடித்தோர்: பின்புலமும் பிழைப்பும் – ஒரு நோக்கு

முத்தமிழுள் இயலும் இசையும் பெற்றுள்ள இடத்தை நாடகம் இன்றளவும் நம் வகுப்பறைகளில் பெறவில்லை. நாடகத்தை நூலாகப் படிக்கிறோம், நடித்தவரைப் படிப்பதில்லை. ‘மனோன்மணீயம்’ 1891ஆம் ஆண்டில் வெளிவந்தது என்பதை மாணவர் எவரும் தயங்காது கூறுவர். மேடையேறிய நாடகங்களில் வேடம் புனைந்தோர் யாவர், அவர்தம் ஊர் எது, வேடம் கலைத்த பின் எத்தொழிலால் உண்டனர் என வினவின் விடை கிடைப்பது அரிது. திரைப்பட ஆய்விலும் இக்குறை உண்டு. இயக்குநரையும் கதையையும் பற்றி ஆய்வேடுகள் பல எழுதப்படுகின்றன. பெயர்ப் பட்டியலின் கடைசியில் விரைந்தோடும் பெயர்களை நின்று படிப்பார் இல்லை. நம் கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்வைச் சொன்ன ஒரு படத்தை முன்வைத்து அப்பெயர்களின் பக்கம் சற்றே திரும்ப இக்கட்டுரை முயல்கிறது.

‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 24-8-2018 அன்று வெளியாயிற்று. இயக்கியவர் லெனின் பாரதி. தயாரித்தவர் நடிகர் விஜய் சேதுபதி. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். இசை பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா. பெயர்பெற்ற நட்சத்திரங்களையும் வழக்கமான பாட்டு, சண்டை, நகைச்சுவைத் துணுக்குகளையும் நம்பாது எடுக்கப்படும் படத்தைச் சுயாதீனத் திரைப்படம் என்பர். இப்படம் அவ்வகையினது. அடிவாரத்திலிருந்து கேரள எல்லைக்குள்ளிருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு நடந்தே சென்று, மூட்டை சுமந்து இறங்கும் ரங்கசாமி என்னும் கூலித்தொழிலாளி சொந்தமாகச் சிறிது நிலம் வாங்க விழைகிறான். அவ்விழைவு கூடுவதும் குலைவதுமே கதை. இறுதியில் தன் நிலத்தில் எழுந்த காற்றாலைக்கு அவனே காவலாளியாக அமர்கிறான். கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே விடியுமுன் ஜீப்பேறித் தோட்ட வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் நம் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு இக்கதையைப் பொருள்கூறி விளக்க வேண்டுவதில்லை.

ரங்கசாமியாக ஆண்டனியும் அவன் மனைவி ஈஸ்வரியாகக் காயத்ரி கிருஷ்ணாவும் பொதுவுடைமைத் தோழர் சாக்கோவாக அபு வளையங்குளமும் நடித்தனர். காயத்ரி கிருஷ்ணா 2016இல் வெளியான ‘ஜோக்கர்’ படத்திலும் நடித்தவர். ஏனைய வேடங்களில் பெரும்பாலும் தோன்றியோர் அவ்வட்டாரத்து மக்களே. திரையுலகம் இத்தகையோரைப் ‘புதுமுகம்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. அச்சொல் நமக்கு உடன்பாடன்று. ஒளிப்பதிவுக் கருவிக்கு அம்முகம் புதிதாகலாம். மலைக்கும் மழைக்கும் சுமைக்கும் அது புதிதன்று.

தொல்காப்பியர் எட்டு வகை மெய்ப்பாட்டை வகுத்து, ஒவ்வொன்றற்கும் நான்கு நிலைக்களன்களை எண்ணுகிறார். இளிவரல் என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களுள் மூப்பும் பிணியும் வருத்தமும் அடங்கும். இப்படத்தில் முதிய சுமைக்காரர் ஒருவர் வருகிறார். சுமை தூக்குவதே தம் பெருமை என்றிருந்தவர், மேலும் தூக்க இயலாது மலைப்பாதையில் இரத்தம் கக்கி வீழ்கிறார். மூப்பு, பிணி, வருத்தம் என்னும் மூன்றும் ஓருடம்பில் ஒருங்கே நிற்கும் இடம் அது. மெய்ப்பாட்டியலைக் கரும்பலகையில் எழுதி விளக்குவதினும் இக்காட்சியை ஒருமுறை காட்டினால் மாணவர் எளிதில் உணர்வர். இளிவரல் இழிவன்று, உடல் தளர்ந்தமையால் ஒருவர் தம்முள் தாமே குறுகுவது என்னும் நுட்பம் அங்கே விளங்கும்.

ஏற்றத்தில் எங்கே மூச்சை அடக்குவது, இறக்கத்தில் எந்தக் காலை முன்வைப்பது, மூட்டையின் கனத்தைக் கழுத்தில் எவ்விடத்தில் தாங்குவது என்பன ஒரு வாரப் பயிற்சியில் கைவருவன அல்ல. மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்ற பின்னரே அரங்கேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். மலையடிவாரத்தில் இருபது முப்பது ஆண்டு சுமந்தவர் பயின்ற காலமும் பயிற்சிக் காலமே அன்றோ? இதனை நடிப்பன்று, ‘இயல்பாக இருந்தார்கள்’ என்று பாராட்டி ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. அப்பாராட்டில் ஒரு குறைமதிப்பு ஒளிந்துள்ளது. கருவி முன் நின்று, சொன்ன இடத்தில் நிறுத்தி, மீண்டும் மீண்டும் அதே அசைவைத் தருவதும் ஒரு கலையே. தாம் அறிந்த வேலையை மறுபடியும் முதன்முறை போலச் செய்து காட்டுவது எவ்வளவு கடினம் என்பதைக் கல்லூரி நாடகத்தில் ஒருமுறை மேடையேறியவரும் அறிவர்.

முன்னைய தலைமுறையில் நடிகர் வந்த வழி வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற சிறுவர் நாடகக் குழுக்களே அன்றைய நடிப்புக் கல்லூரிகள். மதுரை மாவட்டம் சேடபட்டியில் பிறந்த எஸ்.எஸ்.ராஜேந்திரன் சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து, 1952இல் ‘பராசக்தி’யால் திரையில் அறியப்பட்டார். அவரே 1962இல் தேனித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1980இல் ஆண்டிபட்டியிலும் வென்றார். நடிகர் ஒருவரின் தொழில்வாழ்வு நம் பகுதி அரசியலோடு பின்னியதற்கு இது நல்ல சான்று.

பள்ளத்தாக்கின் மற்றொரு மேடை இயக்கத்தின் மேடை. பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் தம் தம்பியருடன் ஊர்தோறும் பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடியவர். 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளரிடையே அவர் பாடியது இன்றும் பேசப்படுகிறது. 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தும், தோட்டத்து மொழியும் துயரும் தமிழாகவே இருந்தன. அந்தத் தம்பியருள் ஒருவரே அறுபது ஆண்டுகளுக்குப் பின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’க்கு இசையமைத்தார். சாக்கோவைத் திரையில் காணும் மூத்தோர்க்கு அக்காலம் நினைவுக்கு வரக்கூடும்.

தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977இல் ‘16 வயதினிலே’ படத்தால் படப்பிடிப்பு அரங்கை விட்டுக் கிராமத்துக்குத் திரையைக் கொணர்ந்தார். ஆயினும் அப்படம் பெரும்பாலும் மைசூர், கொள்ளேகால் பகுதியில் எடுக்கப்பட்டது. முதன்மை நடிகரும் தொழில்முறை நடிகரே. பேச்சு நம்முடையது, நிலமும் உடலும் வேறிடத்தவை. நிலம், பேச்சு, உடல் மூன்றும் ஓரிடத்தனவாக அமைந்ததில்தான் 2018ஆம் ஆண்டுப் படம் வேறுபடுகிறது.

தயாரித்தவரின் வரலாறும் ஈண்டுக் கருதத்தக்கது. விஜய் சேதுபதி கணக்காளராகத் துபாயில் பணியாற்றி மீண்டவர். ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதும் பணியில் சேர்ந்து, அங்கே நடிப்போரைக் கண்டு நடிப்பின்பால் ஈர்க்கப்பட்டார். பின்னர்ச் சிறு வேடங்கள் பல. அவர் முதன்முதல் நாயகனாக நடித்த ‘தென்மேற்குப் பருவக்காற்று’ 2010இல் வெளிவந்தது. அதன் களமும் தேனி வட்டாரமே. அப்படத்தில் தாயாக நடித்த சரண்யா பொன்வண்ணன் தேசிய விருது பெற்றார். தமக்கு முதல் வாய்ப்பளித்த மண்ணின் கதைக்கு எட்டாண்டுகளுக்குப் பின் அவர் பொருளுதவி செய்தார். சங்க காலத்தில் பரிசில் பெற்ற கூத்தர் பெறாத கூத்தரை வழிப்படுத்தியதை ஆற்றுப்படை என்றோம். அதன் சாயலை இங்குக் காணலாம். ஆனால் வழிப்படுத்தப்பட்டோர் எத்துணைப் பேர் அடுத்த வாயிலை அடைந்தனர்?

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் வருவது உசிலம்பட்டி. அவ்வூரைச் சேர்ந்த இயக்குநர் மணிகண்டன் ‘காக்கா முட்டை’யில் (2015) சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர் இருவரை நடிக்கவைத்தார், ரமேஷ், விக்னேஷ் என்னும் அவ்விருவரும் தேசிய விருது பெற்றனர். பின்னர் ‘கடைசி விவசாயி’யில் அவ்வட்டாரத்து முதிய உழவரான நல்லாண்டியை மாயாண்டி என்னும் முதன்மை வேடத்தில் நடிக்கவைத்தார். இறந்த மயில்களைப் புதைத்தமைக்காகக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்படும் முதியவர், தம் வயல் பயிர் வாடுமே என்றே நீதிமன்றத்தில் கவலுறுகிறார். நொண்டி நாடகத்தில் ஒருவன் தன் கதையைத் தானே பாடிக் கூறுவான் என்பதைச் சீதக்காதி நொண்டி நாடகம் கற்றோர் அறிவர். நல்லாண்டி தம் கதையைக் கூறவில்லை. நாற்றைத் தொடும் விரலால் காட்டினார். 11-2-2022 அன்று படம் வெளியானபோது அவர் உயிருடன் இல்லை. 2023இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு வழங்கப்பெற்றது.

வங்கத்தில் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) முதிய அத்தையாக நடித்த சுனிபாலா தேவியும் படம் திரையிடப்படுமுன் மறைந்தார். அவர் பழைய மேடை நடிகை. உலகம் அவரை மறந்திருந்த காலத்தில் ராய் தேடிக் கண்டார். அதே படத்தில் அப்புவாக நடித்த சிறுவன் சுபீர் பானர்ஜி பின்னர் எப்படத்திலும் நடிக்கவில்லை.

இவ்வரிசையில் நம்மை மிகவும் கலங்கவைப்பது இத்தாலியின் லம்பெர்ட்டோ மஜ்ஜொரானியின் வாழ்க்கை. உரோம் நகரில் ஆலைத் தொழிலாளியாக இருந்த அவரை, ‘மிதிவண்டித் திருடர்கள்’ (1948) படத்தில் வேலைக்காக அலையும் தந்தையாக டி சிக்கா நடிக்கவைத்தார். ஊதியம் ஆறு இலட்சம் லீரா. உலகம் வியந்த அப்படத்திற்குப் பின் அவர் ஆலைக்கு மீண்டார். வேலைக்குறைப்பு வந்தபோது, திரையில் பெரும்பொருள் ஈட்டியவர் என எண்ணி அவரை நீக்கினர். வேலையற்றவனாக நடித்தவர் வேலையற்றவரே ஆனார். சிறு வேடங்கள் சில கிட்டின. நிலையான வாழ்வு கிட்டவில்லை. 1983இல் மறைந்தார்.

ஒரு படத்தில் நடித்துவிட்டுத் தம் தொழிலுக்குத் திரும்புவதில் இழிவேதும் இல்லை. உழவர் உழவுக்கும் சுமைக்காரர் சுமைக்கும் மீள்வது இயல்பே. ஆனால் திரும்பும்போது கைக்கு வந்த கூலி எவ்வளவு, பெயர் பட்டியலில் பிழையின்றி வந்ததா, ஊரார் பார்வை மாறியதனால் பழைய வேலை கெட்டதா என்பன கேட்கப்படாத கேள்விகள். கலைப்படம் என்னும் பெருமை, கூலிக் கணக்கை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. தோட்டத்துக் கூலியைப் பற்றிப் பேசும் படத்திற்கு இக்கடப்பாடு இருமடங்கு உண்டு.

இப்பணிக்கு நம் மாணவரே தக்கவர். வட்டார வழக்கு ஆய்வுக்காக ஊர் ஊராகச் செல்லும் முதுகலை மாணவர், தம் வினாநிரலில் இன்னொரு தாளையும் சேர்த்துக்கொள்ளலாம். தத்தம் ஊரில் இப்படங்களில் தோன்றியோர் யாவர். அப்போது அவர் செய்த தொழில் யாது. எத்தனை நாள் நடித்தார். அந்நாட்களில் இழந்த தினக்கூலி எவ்வளவு, பெற்றது எவ்வளவு. படத்தை எத்திரையரங்கில், யாருடன் கண்டார். பின்னர் வேறு அழைப்பு வந்ததா. இன்று எத்தொழில் செய்கிறார். மூத்தோர் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் இசைவு பெற்று, அவர் சொல்லியபடியே, அவர் பேசும் தமிழிலேயே எழுதி வருவார்களாயின் அதனை அடுத்த மலரில் வெளியிட நம் துறை ஆயத்தமாக உள்ளது.