டிஸ்க்கை மாற்றும் முன் கேபிளை மாற்றுங்கள்

பழைய கம்ப்யூட்டரில் ட்ரூநாஸ் என்ற சேமிப்பக மென்பொருளைப் போட்டு, இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க்குகளை மிரராக வைத்துக் குடும்பப் படங்களைச் சேமிக்கிறேன். ஒரு டிஸ்க் அடிக்கடி காணாமல் போகிறது; ரீபூட் செய்தால் வந்துவிடுகிறது. புதிதாக 8 டிபி வாங்கிப் போட்டுவிடவா?
– வாசகர், ஈரோடு

பதற வேண்டாம். இப்படிப் போய்ப் போய் வருகிற டிஸ்க்கில், பல நேரம் கோளாறு டிஸ்க்கிலேயே இருக்காது, கேபிளில் இருக்கும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில் 199-ஆம் எண்ணைப் பாருங்கள். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் சிதைந்த தடவைகளின் கணக்கு அது. ஏறிக்கொண்டே போனால் சாட்டா கேபிளை மாற்றுங்கள். பழைய கணக்கு அழியாது. ஆனால் அதற்குமேல் ஏறாமல் நின்றுவிட்டால் நோய் தீர்ந்தது என்று அர்த்தம். பவர் கேபிளையும் கழற்றி இறுக்கமாகச் செருகுங்கள். ஒரே பவர் வயரைப் பிரித்துப் பல டிஸ்க்குகளுக்குக் கொடுக்கும் மலிவு அடாப்டர் இருந்தால் அதை உடனே எடுத்துவிடுங்கள்.

அதே அறிக்கையில் 5, 197 ஆகிய எண்களின் கணக்கு ஏறினால் கதை வேறு. டிஸ்க்கின் பரப்பே கெடுகிறது, மாற்றித்தான் ஆகவேண்டும்.

8 டிபி தாராளமாகப் போடலாம். எஸ்எம்ஆர் வகையைத் தவிர்த்து சிஎம்ஆர் என்று கேட்டு வாங்குங்கள். எஸ்எம்ஆரில், மற்ற டிஸ்க்கிலிருந்து புதியதற்கு மறுபிரதி எடுக்கும் வேலை நாள்கணக்கில் இழுக்கக்கூடும். ஒரு டிஸ்க்கை மாற்றி, மறுபிரதி முழுதாக முடிந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இரண்டும் மாறினால்தான் கூடுதல் இடம் கிடைக்கும்.

மிரர் என்பது பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த படம் இரண்டு டிஸ்க்கிலும் அழிந்துவிடும். ஆகவே, முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் எல்லாப் படங்களையும் நகலெடுத்துவிட்டுப் பெட்டியைத் திறங்கள்.