ஆங்கில நெடுஞ்சொற்களில் உறுப்பும் ஒலியசையும் அழுத்தமும்: மூலக்கொத்தளம் என்னும் இடப்பெயரோடு ஓர் ஒப்பீடு

சொல்லுறுப்பும் ஒலியசையும் எப்போதும் ஒரே இடத்தில் பிரிவதில்லை. வடசென்னையின் மூலக்கொத்தளம் என்னும் இடப்பெயர் இதற்குச் சான்றாகும். மூல, கொத்தளம் என அதன் உறுப்புகள் இரண்டு; மூ-லக்-கொத்-த-ளம் என ஒலியசைகள் ஐந்து; மூ/லக்/கொத்/தளம் என யாப்பசைகள் நான்கு (நேர், நேர், நேர், நிரை). வருமொழி முதல் நோக்கி மிக்க ககர ஒற்று, ஒலிப்பில் முன்னுள்ள லகர அசையையே மூடுகிறது.

ஆங்கிலத்திலும் இந்நிலை உண்டு. 1688இல் தோன்றிய சென்னை மாநகராட்சியை மக்கள் ‘கார்ப்பரேஷன்’ எனவும் வழங்குவர். ‘கார்ப்பரேட்’ என்னும் அடியோடு பெயராக்கப் பின்னொட்டுச் சேர, அடியின் ஈற்று மெய் திரிந்து பின்னொட்டோடு கலந்து ‘ஷன்’ என ஓரசையாகிறது. உறுப்புகள் இரண்டாயினும் ஒலியசைகள் நான்கு.

ஆங்கிலத்தில் அழுத்தமும் சொல்லின் கூறாகும். இப்பின்னொட்டு, தனக்கு முன்னுள்ள அசைக்கு முதன்மை அழுத்தத்தை ஈர்க்கும். ஆதலின் ‘கார்ப்பரேட்’டின் முதலசையில் நின்ற அழுத்தம், ‘கார்ப்பரேஷ’னில் மூன்றாம் அசைக்குப் பெயர்கிறது. தமிழ் எழுத்துப்பெயர்ப்போ இரண்டிலும் ‘ரே’ என நெடிலே இடுகிறது. ஆங்கில ஒலிப்பில் முன்னதன் ஈற்றசை அழுத்தமின்றிக் குறுகி, ‘ரட்’ என்பதுபோல ஒலிக்கும்.

எனவே எழுத்துப்பெயர்ப்பின் நெடிலை அழுத்தக் குறியாகக் கொள்ளலாகாது. தமிழ்வழி மாணாக்கர்க்கு உறுப்பு, ஒலியசை, அழுத்தம் மூன்றையும் தனித்தனியே பகுத்துக் காட்டல் வேண்டும். இத்தகு சொற்களில் பின்னொட்டை முதலில் இனங்கண்டால் அழுத்தத்தின் இடம் தானே புலப்படும்.