முதலாளியின் டோக்கன் யார் கையில்?

மரக்காணம் உப்பு வியாபாரி அரசு டெண்டரில் கலந்துகொள்ள வேண்டுமா? தமிழ்நாடு அரசின் இணைய டெண்டர் தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் இல்லாமல் விலை கொடுக்க முடியாது. கையொப்பம் முதலாளியுடையது, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதோ கணக்கு எழுதும் நீங்கள்.

பென் டிரைவ் போலிருக்கும் டோக்கனுக்குள் அவருடைய ரகசியச் சாவி இருக்கிறது. உயில் போன்ற சிலவற்றைத் தவிர, மையில் போட்ட கையெழுத்துக்கு நிகராக டிஜிட்டல் கையொப்பத்தை ஏற்கிறது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம். சாவி பறிபோனால், டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்குத் தெரிவிக்கும்வரை பொறுப்பு உரிமையாளர் தலையில்தான் என்கிறது 42-ஆவது பிரிவு. நடப்பில் பல இடங்களில் டோக்கன் ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில் கிடக்கிறது, பின் நம்பர் அதன்மேலேயே ஒட்டப்பட்டு. "அண்ணே, டோக்கன் உங்ககிட்டயே இருக்கட்டும், பின் நம்பரை நீங்களே போடுங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். இது உங்களுக்கும் பாதுகாப்பு. பிறர் கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. கையொப்பம் போடும்படி முதலாளி வாய்மொழியாகச் சொன்னார் என்பதைப் பின்னால் நிரூபிப்பது லேசல்ல.

வெளியிலிருந்து வரும் பிடிஎஃப் ஒப்பந்தத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஸ்கேன் செய்து ஒட்டிய கையெழுத்து வெறும் படம். அக்ரோபேட் ரீடரில் திறந்து கையொப்பத்தைக் கிளிக் செய்யுங்கள். கேள்விக்குறி வந்தால் உடனே போலி என்று பதற வேண்டாம். மூலச் சான்றிதழ் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாமலிருக்கலாம். சான்றிதழ் வரிசையின் உச்சியில் 'சிசிஏ இந்தியா' இருக்க வேண்டும். அதாவது, சான்றிதழ் கொடுக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தரும் மத்திய அரசுக் கட்டுப்பாட்டாளர். அந்த மூலச் சான்றிதழைக் கட்டுப்பாட்டாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். வந்த ஃபைலுக்குள் இருப்பதை அப்படியே நம்பிச் சேர்த்துவிடாதீர்கள். அதே பெயரில் யாரும் ஒன்றைத் தயாரிக்கலாம். கையொப்பமிட்ட பிறகு 100 டன் 1000 டன் ஆகியிருந்தால் சரிபார்ப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பிரிண்ட் எடுத்த தாளில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. ஃபைலையே பத்திரப்படுத்துங்கள்.

2021 ஜனவரி முதல் கிளாஸ் 2 சான்றிதழ் கிடையாது, கிளாஸ் 3 மட்டுமே. காலாவதித் தேதியைப் பார்த்து, உப்பளத்தில் வேலை ஓய்ந்த ஐப்பசி, கார்த்திகையிலேயே புதுப்பியுங்கள். டெண்டர் கடைசி நாளில் வீடியோ சரிபார்ப்புக்கு அலைய முடியாது.

டோக்கன் தொலைந்தால் முதல் போன் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கு, ரத்து செய்யச் சொல்லி. போலீஸ் புகார் அப்புறம். கையொப்ப அதிகாரம் பெற்ற பங்குதாரர் விலகினாலும் அதேதான். அந்த நிறுவனத்தின் உதவி எண்ணையும் சான்றிதழ் விண்ணப்ப எண்ணையும் இன்றே கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.