திண்ணையில் தொட்டிச் செடி

வயல்மண்ணையே தொட்டியில் நிரப்பிவிட்டு, செடி அழுகியதும் 'கைராசி இல்லை' என்பவர்கள் தஞ்சைப் பக்கம் அதிகம். ராசியில் குறையில்லை, மண்ணில்தான் குறை. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உண்டு. ஆகவே தேங்கிய நீரிலும் அது நிற்கும். துளசிக்கு அந்த வசதி இல்லை.

வயல்மண், மணல், நன்கு மக்கிய தொழுஉரம் மூன்றையும் சமமாகக் கலக்கவும். மணல் கிடைக்காவிடில் கருக்கிய உமி போதும். அடித்துளையின் மேல் ஓட்டுச்சில்லை வைத்து, கலவையை இடவும். விரல்விட்டுப் பார்த்து, 1 அங்குல ஆழம் காய்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்றவும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்திற்கு மாற்றுவது நல்லது.

துளசி, கறிவேப்பிலைக்கு வெயில் வேண்டும். வெற்றிலைக்கொடி, கற்பூரவல்லிக்கு அரை நிழல் போதும்.

பூஜைக்கென்று அரளி வைப்போர் மாட்டுக்கொட்டிலுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். வெட்டிய கிளைகளை வைக்கோற்போர் ஓரம் எறியும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். இலை காய்ந்தாலும் நஞ்சு போகாது. தீவனத்தில் ஒரு கைப்பிடி கலந்தாலே கறவைமாடு செத்துவிடும். எரிக்கவும் வேண்டாம், புகையும் ஆகாது. குழி தோண்டிப் புதைத்துவிடவும்.